ஓல்மராவுல நிலா கிடையாது

அந்த நாற்காலி வேண்டாம் சார், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்படி அடுப்புப் பக்கமா வந்து உக்காருங்க. பூட்ஸ வாசல்லயே கழட்டிட்டீங்களா? பரவால்லையே, சிகாகோக்காரருக்கு யாரோ சொல்லிக் குடுத்து அனுப்பிருக்காங்க. காபி எடுத்துக்கோங்க. அந்த ரொட்டியக் காபியில தொட்டுச் சாப்பிடணும். ஏலக்காய் போட்டது, எங்க பக்கம் இதுக்கு நிசுன்னு பேரு. நான் சுட்டதுதான். நல்லா இருக்குன்னெல்லாம் சொல்லணும்னு இல்ல. இந்த வீட்ல யாரும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்ல.

என்ன கேட்டீங்க? ஆமா, படிச்சேன். முழுசும் படிச்சேன். ஒரு பக்கம் விடாம படிச்சேன். அதுக்கு எனக்கு யாராவது மெடல் குத்தணும்.

அப்படி ஆவலா என் மூஞ்சியப் பாக்காதீங்க சார். உங்க பைக்குள்ள இருக்கிற காகிதத்துல நான் கையெழுத்துப் போட்டாத்தான் நீங்க எழுதின ரெண்டாம் பாகம் கடைக்கு வரும். போடலன்னா நீங்க எழுதினதெல்லாம் இந்த அடுப்புக்குத்தான். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எங்க வீட்டுக்காரர் ரெய்னோவுக்கு இப்ப தன் பேரு எழுதறதே தகராறு, அதனால எல்லாத்துக்கும் நான்தான் கையெழுத்து. போடறேனா இல்லையாங்கிறத அப்புறம் பேசுவோம். இவ்வளவு பனியில வண்டி ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்க, திரும்பப் போறதுக்குள்ள நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கிட்டுப் போங்க.

முதல்ல அந்தக் கதவு.

எங்க வீட்டுக்காரர் எழுதின புத்தகத்தோட கடைசிப் பக்கம் ஞாபகம் இருக்கா? அசல் புத்தகத்தப் படிச்சீங்களா, இல்ல யாராவது சுருக்கிக் குடுத்ததப் படிச்சீங்களா? சரி சரி, கோவிச்சுக்காதீங்க, கேக்கணும்னு தோணுச்சு. ஓர்னி, உப்பு சுமக்கிற பொண்ணு, ஓல்மரா தேசத்தோட கடைசிக் கதவ உள்பக்கமா சாத்துறா. சாத்திட்டு அதுல முதுகச் சாச்சு உக்காந்துக்கிறா. கதவுக்கு வெளிய என்ன இருக்குன்னு அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. முடிஞ்சுது. அந்த ஒரு பக்கத்துக்காக ஒரு குளிர்காலம் பூரா அந்த மனுஷன் வீட்ல யார்கிட்டயும் பேசல. படிச்சவங்கல்லாம் எங்கெங்கேர்ந்தோ கேட்டு எழுதினாங்க, வெளிய என்னதான் இருந்துச்சு, சொல்லுங்கன்னு. ஒரே ஒருத்தருக்குத்தான் ரெய்னோ பதில் போட்டாரு. உன் வேலையப் பாருன்னு.

நீங்க தொறந்துட்டீங்க. தொறந்தது கூடப் போகட்டும். வெளிய என்ன இருந்துச்சு? மில்வாக்கி நகரத்துல காசு போட்டுத் துணி துவைக்கிற கடை! துணி காயவைக்கிற மெஷினோட மூடிய உதைச்சுத் தொறந்துக்கிட்டு ஓர்னி வெளிய வந்து விழறா, தலையில யாரோட சாக்ஸோ ஒட்டிக்கிட்டு. உப்புச் சுரங்கத்துல அப்பன அடக்கம் பண்ணவ சார் அவ. தலையில சாக்ஸு!

சிரிப்புக்காகவா? ஓ. அடுத்த தடவை, இந்த இடத்துல சிரிக்கவும்னு ஓரத்துல எழுதி வைங்க, உதவியா இருக்கும்.

பதிப்பகத்துல என்ன சொன்னாங்கன்னு எனக்கும் தெரியும். அங்க வேலை பாக்கிற பொண்ணு போன்ல என்கிட்டயும் சொல்லுச்சு. இந்தக் காலத்து வாசகர்களுக்கு மாய தேசம் மட்டும் போதாதாம், அவங்க இருக்கிற ஊரும் கதையில வரணுமாம், ரெண்டுத்துக்கும் பாலம் போடணுமாம். அவங்க தெருவப் பாக்கணும்னா ஜன்னலத் தொறந்து பாக்கட்டுமே. அதுக்கு எதுக்குப் புத்தகம்? அதுக்கு எதுக்கு நீங்க?

அப்புறம் அந்த நிலா. என்னது குறிச்சுக்கிறீங்க? பேனாவக் கீழ வைங்க சார், இதென்ன பாடமா நடக்குது. ஓல்மராவுல நிலா கிடையாது. இது எழுதி வச்சுக்கிற விஷயமா? முதல் புத்தகத்துல பாதி அந்த இருட்டப் பத்தித்தான். படகுக்காரங்க தண்ணிச் சத்தத்த வச்சுத் திசை கண்டுபிடிக்கிறாங்க. பேறுகாலத்துக்கு நாள் எண்றதுக்கு நிலா இல்லாம, ஆட்டு ரோமம் வளர்றத விரலால அளக்கிறாங்க. எங்க ஊர் குளிர்காலத்துல விடியறதுக்கு முன்னாடி பஸ்ஸுக்குப் போயிருக்கீங்களா? போயிருந்தா அந்த இருட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும். அதையெல்லாம் விட்டுட்டு நீங்க என்ன பண்றீங்க? அந்தப் பொண்ண மில்வாக்கியில ஒரு மொட்டை மாடியில ஏத்தி நிக்க வச்சு, அய்யோ, எங்க ஊரு நிலா மாதிரியே இருக்கேன்னு அழ வைக்கிறீங்க. எந்த ஊரு நிலா? எவன் வீட்டு நிலா?

பதிப்பகத்துல யாருமே கவனிக்கலையா? அது சரி, அவங்களுக்கு எங்க நேரம், அவங்கதான் பாலம் போட்டுக்கிட்டு இருக்காங்களே.

ரெண்டு பக்கத்துல நம்ம பாஷையக் கத்துக்கிறா, டிவி பாத்து. மூணாவது பக்கத்துல செல்போன் வாங்கிட்டா. நாலாவது பக்கத்துல ஒரு கார் மெக்கானிக் அவளப் பாத்து மயங்குறான், இவளும் அவனப் பாத்து மயங்குறா. முதல் புத்தகம் பூரா ஓர்னி ஒருத்தனையும் ஏறெடுத்துப் பாக்கல. அதுக்காக ரெய்னோவ எத்தனை பேர் திட்டினாங்க, பாவம் அந்தப் பொண்ணுக்கு ஒரு துணை குடுத்திருக்கக் கூடாதான்னு. நீங்க குடுத்துட்டீங்க. எண்ணெய்க் கையோட ஒருத்தன். டிராகன் வேற! மாடி மாடியா கார் நிறுத்துற கட்டடத்துல டிராகன் குடியிருக்குது. ரெய்னோவுக்கு டிராகன்னாலே ஆகாது, தெரியுமா உங்களுக்கு? பல்லிக்கு இறக்கை ஒட்டிட்டுக் கதை எழுதினேன்னு சொல்றான் பாருன்னு, அந்த மாதிரி புத்தகத்தத் தூக்கிக் கோழிக்கூட்டுக்குள்ள போட்டவரு. அவரு பேரப் பெரிய எழுத்துல போட்டு, கீழ உங்க பேரப் பொடியா போட்டு, உள்ள டிராகன்.

இருங்க, கூப்பிடறாரு.

என்ன ரெய்னோ? இல்ல, பனி இன்னும் விடல. ரோடு தொறக்கல. ஆமா, உங்க ரூம் அப்படியேதான் இருக்கு, வேற யாருக்கும் குடுக்கல. இவரா? இவரும் பனியில மாட்டிக்கிட்டவருதான், காபி குடிக்க வந்திருக்காரு. தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்ல. போய் ஜன்னல் பக்கம் உக்காருங்க, சூப் சூடு பண்ணிக் கொண்டாறேன்.

பாத்துட்டீங்கல்ல. அவருதான். போட்டோவுல பாத்ததுக்கு இளைச்சுட்டாரு.

ஆமா, அவரப் பொறுத்தவரைக்கும் இது ஒரு லாட்ஜ். நான் லாட்ஜ்காரம்மா. ரோட்டுல பனி அள்ளி முடிக்கிற வரைக்கும் இங்க தங்கிருக்காரு, அவ்வளவுதான். அள்ளி முடிச்சதும் வீட்டுக்குப் போவாரு. வீட்ல யார் இருக்கான்னு கேட்டா, சிரிச்சு மழுப்பிடுவாரு. காலையில எந்திரிச்சதும் தன் படுக்கையத் தானே மடிச்சு வச்சுடறாரு சார், உங்களுக்கு வேலை ஜாஸ்தியா இருக்கும்மான்னு சொல்லி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு தலகாணி உறை மாட்டினது கிடையாது இந்த மனுஷன். இப்ப சூப் குடுத்தா நன்றிம்மா. துண்டு குடுத்தா நன்றிம்மா. சட்டைப் பட்டன் போட்டு விட்டா, உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவருங்கிறாரு.

டாக்டர் சொல்றாரு, நீங்க அதிர்ஷ்டசாலி, சிலபேர் இந்த மறதி வியாதியில அடிக்கிறது, கடிக்கிறதுன்னு ஆயிடுவாங்க, இவரு எவ்வளவு சாந்தமா இருக்காரு பாருங்கன்னு. என் பொண்ணு மார்சி ஒருபடி மேல போயிட்டா. அம்மா, அப்பா இப்பதாம்மா நல்ல மனுஷனா ஆயிருக்காருன்னா. நான் போன வச்சுட்டேன். எனக்கு அந்த நல்ல மனுஷன் வேண்டாம் சார்.

உங்களுக்குப் புரியாது. நீங்க ஆளுக்கு ஆள் பாராட்டிக்கிற ஊர்லேர்ந்து வந்திருக்கீங்க. கதையோட சேத்து அனுப்பின மாதிரி அட்டையில, பின்பக்கம் பாத்தேனே, அற்புதம், அதிசயம், மூச்சு நின்னு போச்சுன்னு. புத்தகமே இன்னும் வரல, அதுக்குள்ள எவனுக்கோ மூச்சு நின்னு போச்சு.

எங்க வீடு அப்படி இல்ல. நான் அப்ப இங்க ஹான்காக் ஊரு நூலகத்துல வேலை பாத்துக்கிட்டிருந்தேன். ரெய்னோவோட முதல் கதை உள்ளூர்ப் பத்திரிகையில வந்திருந்துச்சு, வேட்டைக்குப் போற ஒருத்தனப் பத்தி. அவரு நூலகத்துக்கு வந்து, படிச்சியான்னு கேட்டாரு. படிச்சேன், அதுல வர்ற மனுஷன விட மான் நல்லா நடிச்சிருக்குன்னேன். அந்த ஆளு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டு, மறுநாள் திரும்பி வந்து, நீ இங்க அடுக்கி வச்சிருக்கிற புத்தகத்துல முக்கால்வாசி குப்பை, உனக்கு ரசனையே இல்லன்னாரு. அடுத்த கோடையில கல்யாணம். அன்னிலேர்ந்து நாங்க ஒருத்தர ஒருத்தர் புகழ்ந்ததா சரித்திரமே கிடையாது. என் காபிய சேத்துத் தண்ணிம்பாரு. அவரு பேசறத ரேடியோவுல கேட்டுட்டு, தொண்டையில என்ன மீன் முள்ளான்னு நான் கேப்பேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாதிரியாரு பேசி முடிச்சதும், வாசல்ல நின்னு அவருகிட்டயே சொல்லுவாரு, கடவுள் நல்லாத்தான் சொல்லிருக்காரு, நடுவுல நீங்க வந்து கெடுத்துட்டீங்கன்னு. பாதிரியாருக்கு மூஞ்சி செவந்து போயிடும். நான் பக்கத்துல நின்னு உள்ளுக்குள்ள பூரிச்சுப் போயிருப்பேன், என் ஆளு, என் ஆளுன்னு.

அவரு மரியாதையா பேசினா அது வெளியாள்னு அர்த்தம் சார். வரி ஆபீஸ்காரன், பைபிள் விக்க வர்றவன், இவங்ககிட்டத்தான் வாங்க போங்கன்னு குழைவாரு. இப்ப என்கிட்டக் குழையறாரு. தினம் குழையறாரு. ஒரே வீட்டுக்குள்ள, ஒரே அடுப்புக்கு முன்னாடி, நான் வெளியாளா ஆயிட்டேன்.

எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. முடியாதுன்னு நான் எப்ப சொன்னேன்? குப்பைன்னு சொன்னேன். குப்பைங்கிறது வேற, முடியாதுங்கிறது வேற. இந்த வயசுக்கு அது கூடத் தெரியலன்னா எப்படி? தாடியெல்லாம் நரைச்சிருக்கு.

அந்த ஜன்னல் வழியா பாருங்க. அங்க புகைபோக்கியோட நிக்குது பாருங்க.

கொட்டகையா! கொட்டகைன்னு வெளிய போய் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, உங்கள ஊர விட்டுத் தள்ளி வச்சுடுவாங்க. அது சவுனா. ரெய்னோவோட அப்பா கட்டினது. வீடு கட்டறதுக்கு முன்னாடியே அதைக் கட்டிட்டு, முதல் குளிர்காலம் பூரா அதுக்குள்ளதான் குடும்பமே இருந்துச்சாம். உள்ள அடுப்பு மேல கல்லு அடுக்கி வச்சிருக்கும். விறகப் போட்டுக் கல்லக் காய விடணும். சுவத்தோட படி மாதிரி பலகை இருக்கும், அதுல ஏறி உக்காந்து வேர்க்கணும். பக்கத்துல ஒரு வாளியில தண்ணி, ஒரு மரக் கரண்டி. கல்லு மேல ஒரு கரண்டி ஊத்தினா சுர்ருன்னு ஆவி கிளம்பி மேல வந்து காதப் பிடிச்சுத் திருகும். சனிக்கிழமை சாயங்காலம்னா இந்தப் பக்கத்துல எல்லா வீட்லயும் அதுதான்.

எங்க வீட்ல அதோட சேத்து இன்னொரு வழக்கமும் உண்டு. அந்த வாரம் எழுதின பக்கத்த ரெய்னோ அங்க எடுத்துட்டு வருவாரு. பென்சில்ல எழுதினது, மை ஊறிடும்னு. மேல் பலகையில உக்காந்து படிப்பாரு. கரண்டி என் கையில. நல்லா இருந்தா நான் சும்மா உக்காந்திருப்பேன். குப்பையா இருந்தா கல்லு மேல ஊத்துவேன். ஒரு கரண்டின்னா அந்த இடம் சரியில்லன்னு அர்த்தம். அதுக்கும் அசையாம மேல படிச்சா, இன்னொரு கரண்டி. அந்தச் சூட்டுல எவனாலயும் படிக்க முடியாது சார். காகிதம் துவண்டு போயிரும், கண்ணுல வேர்வை இறங்கும், கழுதை, பேயின்னு என்னைத் திட்டிக்கிட்டே கீழ இறங்கி ஓடிருவாரு. திரும்ப எழுதுவாரு. உங்க ஊர்ல இதுக்கு எடிட்டர்னு ஆள் வச்சிருக்கீங்க, இல்ல? ஓர்னி கதவச் சாத்தின பக்கத்தப் படிச்சப்ப, நான் வாளிப் பக்கமே திரும்பல. கல்லு ஆறிப் போற வரைக்கும் ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருந்தோம். எங்க வீட்ல பாராட்டுன்னா அதுதான்.

இப்பவும் சனிக்கிழமை ஆனா அவரக் கூட்டிட்டுப் போறேன். டாக்டர் கூடாதுன்னாரு. கல்ல ரொம்பக் காய விடறதில்ல, கொஞ்ச நேரம்தான். லாட்ஜ்ல இந்த வசதியெல்லாம் இருக்கான்னு ஒவ்வொரு வாட்டியும் ஆச்சரியப்படுவாரு. கீழ்ப் பலகையில துண்டக் கட்டிக்கிட்டு, முட்டி மேல கை வச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரியில நம்பர் கூப்பிடற வரைக்கும் காத்திருக்கிறவங்க மாதிரி உக்காந்திருப்பாரு.

உங்க கதை தபால்ல வந்துச்சு. ரெண்டு பக்கம் படிச்சேன், பத்திக்கிட்டு வந்துச்சு. தனியாத் திட்டினா ருசிக்கல சார். திட்டறதுக்குக் கூட ஒரு ஆள் வேணும். அதனால சனிக்கிழமை கையோட எடுத்துட்டுப் போனேன். அவருக்குப் புரியும்னு இல்ல, சத்தமாப் படிச்சுச் சத்தமாத் திட்டலாமேன்னு. துணி துவைக்கிற கடையப் படிச்சேன். நல்லா படிக்கிறீங்கம்மான்னாரு. மெக்கானிக்கப் படிச்சேன். இளம் வயசு, அப்படித்தான் இருக்கும்னாரு. எனக்கு வெறுத்துப் போச்சு. சரி, இந்த ஒரு பக்கத்த முடிச்சுட்டுப் போவோம்னு படிச்சேன். அதான், ஓர்னி அந்தப் பெரிய கடை வாசல்ல, சாமான் தள்ற வண்டி மேல ஏறி நின்னு பிரசங்கம் பண்ணுவாளே. உலகங்கள் வேறானாலும் இதயங்கள் ஒன்றேன்னு. சுத்தி நிக்கிறவங்கல்லாம் அழுது, கை தட்டி, ஒருத்தர ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. உங்களுக்கு எழுதறப்பவே கூசலையா? சரி விடுங்க.

நான் தலையக் குனிஞ்சு படிச்சுக்கிட்டே இருக்கேன். சுர்ருன்னு சத்தம்.

ஆவி வந்து மூஞ்சியில அறையுது. நிமிர்ந்து பாத்தா கரண்டி அவரு கையில. இன்னொரு கரண்டி மொண்டாரு. ஊத்தினாரு. காது எரியுது எனக்கு. எங்கிட்டத் திரும்பி, ஏன்டி ஐலி, இந்தக் கண்றாவிய யாருடி எழுதினது, நீயான்னு கேட்டாரு.

என் பேரு சார் அது. ஐலி.

ஆமான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? இல்லன்னா யாருன்னு கேப்பாரு, உங்களப் பத்திச் சொல்லணும், பதிப்பகத்தப் பத்திச் சொல்லணும், அவரு வியாதியப் பத்திச் சொல்லணும், அதுக்குள்ள அந்தப் பழைய ரெய்னோ போயிருவாரு. நான்தான் எழுதினேன், இப்ப அதுக்கு என்னன்னேன். அதானே பாத்தேன், உனக்கு உப்பு மூட்டைக்கும் மாவு மூட்டைக்கும் வித்தியாசம் தெரியாதே, உன்னைப் போய் எவன் எழுதச் சொன்னான்னாரு. ஓர்னி கூட்டத்துல வாயே தொறக்க மாட்டாடி, அவளுக்குப் பேச்சே வராது, அதனாலதான் அவ சுமக்கிறா, பேசத் தெரிஞ்சவ எதுக்குடி மூட்டை தூக்கணும்னாரு. இத்தனை வருஷத்துல அத எனக்கு அவரு சொன்னதே இல்ல. நானும் விடல. நீ மட்டும் என்ன கிழிச்சே, அவள ஒரு இருட்டுல உக்கார வச்சுட்டுப் போயிட்டியேன்னேன். கத்தினோம் சார். கல்லு ஆறுற வரைக்கும் கத்தினோம். எனக்கு அழுகை, சிரிப்பு, வேர்வை எது எதுன்னு தெரியல. கடைசியில கதவ எதுக்குடி தொறந்தேன்னு கேட்டாரு.

வெளிய வந்தோம். பனி. அவரு உடம்பெல்லாம் ஆவி பறக்குது. துண்டால தலையத் தொடச்சு விட்டேன். ரொம்ப நன்றிம்மா, என் ரூம் எந்தப் பக்கம்னாரு.

அவ்வளவுதான்.

மறு வாரம் டிராகனப் படிச்சேன், நிச்சயம் ஊத்துவாருன்னு. தூங்கிட்டாரு. அதுக்கடுத்த வாரம் நிலா. வாளியோட தூக்கிக் கவுத்துட்டாரு! அரை நாழி இருக்கும், என் ரசனையக் கிழி கிழின்னு கிழிச்சாரு. எங்கம்மாவையும் சேத்து. எந்தப் பக்கத்தப் படிச்சா பழைய ஆளா எந்திரிப்பாருன்னு சொல்லவே முடியல. வேற புத்தகமெல்லாம் படிச்சுப் பாத்தேன், இதை விடக் கேவலமான டிராகன் புத்தகமெல்லாம் தேடி எடுத்துட்டு வந்து படிச்சேன். நல்லா இருக்கும்மாங்கிறாரு. அவரோட புத்தகத்தையே படிச்சேன், ஓர்னி கதவச் சாத்துற பக்கத்த. யாரோ நல்லா எழுதிருக்காங்கன்னாரு. அவரோட ஓர்னிய நீங்க கெடுத்தாத்தான் அவருக்கு ரோஷம் வருது. படிச்சதையே திரும்பப் படிச்சா வேலைக்கு ஆகல, அதையும் பாத்துட்டேன். போன சனிக்கிழமையோட நீங்க அனுப்பின கதைக் கட்டு தீந்து போச்சு. அதுக்குத்தான் இந்தப் பனியில வரச் சொன்னேன், போன்ல கேக்கிற விஷயமில்ல இது.

அட, நீ எதுக்கு அழறே? மூக்கச் சிந்து, அங்க துணி இருக்கு பாரு. குடு அந்தக் காகிதத்த. எங்க போடணும்? இங்கயா? இந்தா. போட்டாச்சு. டிராகன், சாக்ஸு, எல்லாம் கடைக்குப் போகட்டும், என் தலையெழுத்து.

என்னது, நான் சொன்னதையெல்லாம் திருத்தறியா? நிலாவ எடுத்துடறியா? ஒண்ணத்தையும் தொடாதே. மூணாம் பாகம் ஒண்ணு எழுதணும்னு பதிப்பகத்துப் பொண்ணு போன்ல சொல்லுச்சே, ஒத்துக்கிட்டியா? ஒத்துக்கோ. எழுதினதப் பத்து பக்கமோ இருபது பக்கமோ, ஆக ஆக எனக்கு அனுப்பிடு, சனிக்கிழமைக்குள்ள வந்து சேர்ற மாதிரி. முடியற வரைக்கும் காத்துக்கிட்டிருக்காதே, இங்க அவ்வளவு நேரமில்ல. ஓர்னிய எங்க வேணாலும் கூட்டிட்டுப் போ, டிஸ்னிலேண்டுக்குக் கூட்டிட்டுப் போ, பாட வை, ஆட வை, இப்ப எழுதிருக்கியே, அதே மாதிரி எழுது. நல்லா மட்டும் எழுதித் தொலைச்சிடாதே, தம்பி.